மெதுவாகத் தொடங்கும் தொடர்: எதுவரை பொறுப்பது?

முதல் இரண்டு எபிசோடு முடிந்துவிட்டது, கதை இன்னும் நகரவில்லை. பரிந்துரைத்தவரோ, "கொஞ்சம் பொறுங்க, அஞ்சாவது எபிசோடுல சூடு பிடிச்சிரும்" என்கிறார். தொடர்வதா, விட்டுவிடுவதா? இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. கேள்வி சின்னதாகத் தெரியலாம், அதில் செலவாகும் நேரம் சின்னதல்ல. எட்டு எபிசோடு கொண்ட வெப் சீரிஸ் ஐந்தாறு மணி நேரத்தைக் கேட்கும். டிவி நெடுந்தொடரின் கணக்கு இன்னும் பெரிது. திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. விளம்பரத்தைக் கழித்து நாளுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரம் ஆகிறது. ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்கு வேலைக்குப் போய்த் திரும்பி, சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முடித்து, இரவில் ஒன்றரை மணி நேரம் மட்டுமே தனக்கென்று வைத்திருக்கும் ஒருவருக்கு, பிடிக்காத ஒரு வெப் சீரிஸ் நான்கு இரவுகளைத் தின்றுவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடையாளத்தைப் பார்த்துப் பொறுமையைக் கொடுங்கள், வாக்குறுதியை நம்பிக் கொடுக்காதீர்கள். தென்காசிக்குப் பக்கத்திலிருக்கும் குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. அருவியில் தண்ணீர் குறைவாக விழும் நாளில் உள்ளூர்க்காரர்கள் மலையைப் பார்ப்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசி, முகட்டில் மேகம் இறங்கி, முகத்தில் சாரல் பட்டால் காத்திருப்பார்கள். வெயில் சுள்ளென்று அடித்தால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். போன வருடம் இதே நாளில் தண்ணீர் கொட்டியது என்று யாராவது சொன்னதற்காகப் பாறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மெதுவாகத் தொடங்கும் தொடரிலும் இப்படிப் பார்க்கத்தக்க அடையாளங்கள் உண்டு. அவை எவை, எத்தனை நேரம் வரை தேடலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டு காலத்துப் பழக்கங்கள்

நம்முடைய பொறுமையும் அவசரமும் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசை வாரம் ஒரு முறை வந்தது. அதில் 'விடாது கருப்பு' கிராமத்து வீடுகளில் அடுத்த வாரம்வரை பேச்சாக இருந்தது. அந்தத் தொடர்கள் நிதானமாகவே நகர்ந்தன. பார்ப்பவர்களும் பொறுத்தார்கள். தொடர் நன்றாக இருந்தது ஒரு காரணம். எழுந்து போக வேறு இடம் இல்லை என்பது இன்னொரு காரணம். தூர்தர்ஷனை விட்டால் சில சேனல்கள்தான் இருந்தன. அப்போது பொறுமைக்கு விலை குறைவு.

அதே நாகா 2024 செப்டம்பர் 20 அன்று அமேசான் பிரைமில் 'தலைவெட்டியான் பாளையம்' தொடரைக் கொண்டுவந்தார். 'விடாது கருப்பு'வில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் இதிலும் நடித்தார்கள். இயக்குநரும் நடிகர்களும் நிதானமும் மாறவில்லை, பார்க்கும் சூழல்தான் மாறியது. இங்கே எட்டு எபிசோடும் ஒரே நாளில் கைக்கு வந்தன. கைப்பேசியில் விரலை நகர்த்தினால் நூறு தொடர்கள் காத்திருக்கின்றன. பத்து விநாடி தாவும் பொத்தானும் ஒன்றரை மடங்கு வேகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆக, "எதையும் பொறுத்துப் பார்க்கணும்" என்ற பெரியவர்களின் பழக்கம் பற்றாக்குறையில் பிறந்தது. ஐந்து நிமிடத்தில் பிடிக்கவில்லையென்றால் மாற்றிவிடும் இளையவர்களின் பழக்கம் தாராளத்தில் பிறந்தது. இரண்டுமே தொடரின் தரத்தைப் பார்த்து எடுத்த முடிவுகள் அல்ல. அந்தத் தரத்தை நேராகப் பார்க்க மூன்று அடையாளங்கள் உதவும்.

மூன்று அடையாளங்கள்

முதல் அடையாளம், யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரிகிறதா என்பது. சம்பவம் குறைவாக இருக்கலாம், வேகம் குறைவாக இருக்கலாம். ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது எளிதில் கிடைக்காது என்று புரிந்துவிட்டால் கதை தொடங்கிவிட்டது. 'தலைவெட்டியான் பாளையம்' 2020-இல் வந்த 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடரின் தமிழ் வடிவம். இந்தி மூலத்தின் முதல் எபிசோடில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பஞ்சாயத்துச் செயலாளர் வேலைக்கு வரும் நகரத்து இளைஞனால் அலுவலகப் பூட்டைத் திறக்க முடியவில்லை, சாவியைக் காணோம். ஒரு சாவியை வைத்து அரை மணி நேரம் போகிறது. அந்த அரை மணி நேரத்திலேயே அவனுக்கு இந்த வேலையும் இந்த ஊரும் வேண்டாம், வேறு வழியில்லாமல் வந்திருக்கிறான் என்பது முழுதாகப் பதிந்துவிடுகிறது. ஜீ5-இல் 2023 ஜனவரி 26 அன்று வெளியான முத்துக்குமாரின் 'அயலி'யிலும் இதையே காணலாம். வயதுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்ற ஊரில், டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததை மறைக்கிறாள். இது தெரிந்த பிறகு, ஒரு திருவிழாக் காட்சியோ பாவாடையில் படும் ஒரு கறையோகூட நம்மைப் பதற வைக்கும். இரண்டு எபிசோடு பார்த்த பின்னும் "இவருக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லையென்றால், அந்தத் தொடர் இன்னும் தொடங்கவில்லை.

இரண்டாவது அடையாளம், எபிசோடு முடியும்போது நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறதா என்பது. இதற்கு 'வதந்தி' நல்ல உதாரணம். ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கி, எஸ்.ஜே.சூர்யா போலீஸ் அதிகாரியாக நடித்த இந்தத் தொடர் 2022 டிசம்பர் 2 அன்று வந்தது. கதை நடப்பது கன்னியாகுமரி வட்டாரத்தில். தொடக்கத்திலேயே ஒரு பிணம் கிடைக்கிறது, அதன்பின் வேகம் தணிந்துவிடுகிறது. விசாரணை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்க்கொண்டே இருக்கிறது. பொறுமை இழக்க நியாயம் உண்டு. ஆனால் இறந்துபோன வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். அடுத்து வரும் கதை முந்தையதைத் திருத்துகிறது. அவளைப் பற்றி நாம் என்ன நினைத்திருந்தோம் என்பதே ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறது. இங்கே மெதுவுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரை ஊர் வாய் எப்படித் தின்கிறது என்று காட்ட, பல வாய்களையும் பேசவிட நேரம் வேண்டும். இதற்கு நேர்மாறானது இழுவை. அதே அதிர்ச்சி முகத்தை மூன்று கோணத்தில் காட்டுவது, நேற்றுத் தெரிந்த ரகசியத்தை இன்று இன்னொருவர் புதிதாகத் தெரிந்துகொள்வது. இழுவையில் நேரம் போகும், நமக்குத் தெரிந்தது மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த உதாரணத்திலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதல் காட்சியில் பிணம் கிடப்பதை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரபரப்பான தொடக்கத்தை எந்தத் தொடரும் எளிதில் உண்டாக்கிவிடலாம். வேகமான தொடக்கம் தரத்துக்குச் சான்று ஆகாததுபோலவே, மெதுவான தொடக்கம் ஆழத்துக்குச் சான்று ஆகாது. வேகத்தை ஒதுக்கிவிட்டு மாற்றத்தைக் கவனியுங்கள்.

மூன்றாவது அடையாளம், ஊரும் ஆட்களும் உண்மையாக இருக்கிறார்களா என்பது. மெதுவான தொடர் நம்மை ஓர் இடத்தில் குடியிருக்கச் சொல்கிறது. அந்த இடம் பொய்யாக இருந்தால் குடியிருக்க முடியாது. இந்த விஷயத்தில் ஆய்க்குடி, தென்காசி வாசகர்கள் தங்கள் காதை நம்பலாம். கதை நெல்லைச் சீமையில் நடப்பதாகச் சொல்லும் ஒரு தொடரில் 'வே'யும் 'ல'வும் இருந்தால் போதாது. யார் யாரை 'ல' போட்டுப் பேசுவார், யாரிடம் 'வாங்க' என்று பணிந்து பேசுவார், பெரியப்பா மகனிடம் எப்படி, கூலி கேட்க வந்தவரிடம் எப்படி என்பதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் இந்த ஊர்க்காரர்களால் சொல்லிவிட முடியும். இந்தச் சின்ன விஷயத்தில் அக்கறை எடுத்தவர்கள் கதையின் முடிவிலும் அக்கறை எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியூர்க் கதையாக இருந்தால் பாத்திரங்களின் தொழிலைப் பாருங்கள். போலீஸ்காரர் போலீஸ் வேலை பார்க்கிறாரா, ஆசிரியர் பாடம் நடத்துகிறாரா, அல்லது எல்லோரும் கதைக்காக மட்டும் நடமாடுகிறார்களா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

மூன்றில் இரண்டு இருந்தால் தொடருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் இன்னும் ஒரு எபிசோடு கொடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

எல்லைக் கோடு எங்கே?

எவ்வளவு நேரம் தேடலாம்? தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் பழகிய ஓர் அளவே போதும். தியேட்டரில் இடைவேளை வரும்போது ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அதற்குள் படம் எப்படி என்ற முடிவுக்கு நாம் வந்திருப்போம். வெப் சீரிஸுக்கும் அதே அளவைக் கொடுங்கள். முக்கால் மணி நேர எபிசோடு என்றால் இரண்டு, அரை மணி நேர எபிசோடு என்றால் மூன்று. முதல் எபிசோடோடு நிறுத்துவது அவசரம். ஊரையும் ஆட்களையும் அறிமுகம் செய்வதிலேயே முதல் எபிசோடு பெரும்பாலும் கழிந்துவிடும். 2015 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. எந்த எபிசோடைப் பார்த்தவர்களில் 70 சதவீதம் பேர் அந்த சீசனை முழுதாக முடித்தார்கள் என்று 16 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது அந்த நிறுவனம். பட்டியலிட்ட எந்தத் தொடருக்கும் அது முதல் எபிசோடாக அமையவில்லை. 'பிரேக்கிங் பேட்' தொடருக்கு இரண்டாவது, 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடருக்கு மூன்றாவது எபிசோடு.

அந்த ஒன்றரை மணி நேரத்தை முழுக் கவனத்தோடு கொடுக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. இரவு பதினொரு மணிக்குக் கண் சொருகும்போது, ஒரு கையில் கைப்பேசியோடு பார்த்துவிட்டு ஒரு தொடரை மெதுவானது என்று தள்ளுவது நியாயம் ஆகாது. முதல் முறை அப்படிப் பார்த்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே எபிசோடைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் குறை தொடரில் இருக்கிறது.

நெடுந்தொடருக்குத் தனிக் கணக்கு

டிவியில் வரும் தினசரித் தொடரை இதே விதியால் அளக்க முடியாது. தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் பலர் கையை வேலைக்கும் காதை டிவிக்கும் கொடுத்திருப்பார்கள். நெடுந்தொடரின் கட்டமைப்பே இப்படிப் பார்ப்பவர்களுக்கு ஏற்றது. முக்கியமானதை வசனத்தில் சொல்லும், நேற்று நடந்ததை இன்று நினைவுபடுத்தும், இரண்டு நாள் விட்டுப்போனாலும் கதை புரியும். வேலைக்குத் துணையாக ஓடும் தொடரில் மெதுவு ஒரு வசதி. அதைக் குறையாகச் சொல்வது அந்தப் பார்வையாளரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாததால்தான்.

ஆனால் வேலையை ஒதுக்கிவைத்து உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெப் சீரிஸின் சீசன் எழுதி, எடுத்து, முடித்த பொருள். "பிறகு நன்றாக இருக்கும்" என்று பார்த்தவர் சொன்னால் அந்தப் பிறகு என்பது உண்மையிலேயே இருக்கிறது. நெடுந்தொடரில் நாளைய எபிசோடு இன்னும் எடுக்கப்படாமல்கூட இருக்கலாம். டிஆர்பி ஏறினால் ஒரு கிளைக்கதை நீளும், இறங்கினால் சுருங்கும். சூழ்நிலையும் கதையைத் திருப்பும். திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கியபோது, ஆதி குணசேகரன் என்ற பாத்திரம் அந்தத் தொடரின் ஈர்ப்பு மையமாகும் என்று யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது. மாரிமுத்துவின் நடிப்பு அதைச் செய்தது. 2023 செப்டம்பர் 8 அன்று அவர் காலமானார். பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார், 2024 ஜூனில் தொடர் முடிந்தது. நல்லதற்கோ கெட்டதற்கோ, நெடுந்தொடரின் எதிர்காலத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாது. எனவே நெடுந்தொடரை எதிர்காலத்தை நம்பிப் பார்க்காதீர்கள். ஒரு வாரம், அதாவது ஆறு எபிசோடு பாருங்கள், இரண்டு மணி நேரம் ஆகும். அந்த வாரமே உங்களுக்கு ஏதாவது தந்திருந்தால் தொடருங்கள். பிற்பாடு உண்மையிலேயே நன்றாக வந்தால் ஊரே சொல்லும். அப்போது நடுவில் சேர்ந்தாலும் கதை புரியும்படிதான் அதை எடுத்திருப்பார்கள்.

எதிர்வாதங்கள்

"நெட்ஃபிளிக்ஸ் கணக்கிலேயே 'மேட் மென்' ஆறாவது எபிசோடில்தான் பிடித்தது, 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' எட்டாவதில். இரண்டோடு விடுபவர்கள் இழக்கிறார்களே?" என்று கேட்கலாம். இதுதான் எதிர்வாதங்களில் வலுவானது. அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். ஆறாவது எபிசோடுவரை வந்தவர்கள் ஏற்கெனவே ஐந்தைப் பார்த்தவர்கள். அவர்களை அதுவரை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருந்தது. பிடிக்காமல் இரண்டாவதிலேயே எழுந்து போனவர் தொடர்ந்து பார்த்திருந்தால் ஆறாவதில் மயங்கியிருப்பாரா என்பதை அந்த எண் சொல்லாது. "அஞ்சாவதுல சூடு பிடிக்கும்" என்று பரிந்துரைப்பவரும் அப்படித்தான், ஐந்துவரை நிலைத்தவர். அவருக்கு அந்த நாலும் வேறு மாதிரி இருந்திருக்கும். அவரிடம் "எப்போது நன்றாக இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "முதல் இரண்டில் உங்களுக்கு என்ன பிடித்தது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அதைத் தேடிப் பாருங்கள். பதில் வராவிட்டால் உங்கள் முடிவு சரி.

"பெரிய படைப்புகள் மெதுவாகத்தான் இருக்கும்" என்பது இரண்டாவது எதிர்வாதம். உண்மைதான். 2002-இல் எச்பிஓ தொடங்கிய 'தி வயர்' பால்டிமோர் நகரப் போலீஸையும் போதைப்பொருள் விற்பவர்களையும் பற்றிய தொடர். தலைப்பிலுள்ள 'வயர்' குறிக்கும் தொலைபேசி ஒட்டுக்கேட்பு முதல் சீசனில் தொடங்கவே பல எபிசோடுகள் ஆகின்றன. ஐந்து சீசன், 60 எபிசோடு ஓடி, மிகச் சிறந்த தொடர்களில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது. ஆனால் அதன் முதல் இரண்டு எபிசோடுகளில் மேலே சொன்ன மூன்று அடையாளங்களையும் தேடிப் பாருங்கள், மூன்றுமே கிடைக்கும். யார் யாரைப் பிடிக்கத் துடிக்கிறார், அதற்கு மேலதிகாரிகள் ஏன் தடை என்பது தெளிவு. தெருமுனைப் பையன்களின் பேச்சும் பயமும் அசல். பெரிய படைப்பின் மெதுவு வெறுமையாக இருக்காது. இந்த விதி மெதுவான தொடர்களைத் தள்ளுவதற்காக வகுத்ததல்ல, வெறுமையான தொடர்களிலிருந்து அவற்றைப் பிரித்துக் காப்பதற்காக வகுத்தது.

மூன்றாவது, "நாலு எபிசோடு பார்த்தாச்சு, இனி விட மனசு வரல." இந்த மனநிலையை, 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஓஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சோதித்தார்கள். ஆண்டு முழுவதற்குமான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது, ஆகவே நாடக ஆர்வத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இருக்கக் காரணம் இல்லை. இருந்தும் ஆண்டின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். அவர்களை வரவழைத்தது செலவழித்த காசு. நாலு எபிசோடு பார்த்த நேரமும் அந்தக் காசு மாதிரிதான், விட்டாலும் திரும்பி வராது, தொடர்ந்தாலும் திரும்பி வராது. மிச்சமிருக்கும் நாலு எபிசோடின் நேரம் மட்டுமே இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

"கடைசியில் என்ன ஆச்சுன்னு தெரியாமல் எப்படி விடுவது?" என்பது நான்காவது. மர்மத் தொடர்கள் நம்மைக் கட்டிப்போடுவது இந்த ஒரு கயிற்றால்தான். கேள்வி நல்லதாக இருந்து தொடர் மோசமாகவும் இருக்கலாம். இதற்கு ஒரு சோதனை உண்டு. முடிவை இப்போதே யாராவது சொல்லிவிட்டால், அடுத்த எபிசோடைப் பார்ப்பீர்களா? பார்ப்பேன் என்றால் உங்களுக்குத் தொடர் பிடித்திருக்கிறது. மாட்டேன் என்றால் உங்களுக்கு வேண்டியது விடை மட்டும். பார்த்தவர் ஒருவரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும்.

கடைசியாக, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் தொடர். அம்மாவுக்குப் பிடித்ததை அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பதில் தொடரின் தரம் இரண்டாம் விஷயம், அந்த அரை மணி நேரம் அம்மாவுடையது. இந்த அத்தியாயத்தின் எந்த விதியும் அங்கே பொருந்தாது.

விடுவதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். விடுவது வேறு, தள்ளிவைப்பது வேறு. அடையாளங்கள் இருந்தும் மனம் ஒட்டவில்லையென்றால், பரீட்சைக் காலமோ அறுவடை வேலையோ வீட்டுக் கவலையோ காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட தொடரை ஆறு மாதம் கழித்துத் திரும்பத் தொடங்குங்கள். அடையாளமே இல்லாத தொடரைத் தள்ளிவைக்காதீர்கள், விட்டுவிடுங்கள். பாதியில் விட்டதற்காக யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒன்றரை மணி நேரம் முழுக் கவனம் கொடுத்துவிட்டால் தொடருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். இனி அடுத்த எபிசோடுக்கான நேரத்தை அந்தத் தொடர்தான் உங்களிடமிருந்து சம்பாதிக்க வேண்டும்.